பிசின் அக்கா கண்ணை மூடிய படம்

எங்கள் ஸ்டுடியோ ஷோகேஸில் அந்தப் படத்தை மாட்டியது ஒரு திங்கட்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். மீதிப் பாதிக்கு அந்தப் பாதி சொல்லிவிட்டது.

அண்ணன் பிழைப்புக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பவன். ஆசைக்கு மைதானத்துக்குப் போவான். சலவை ஆலைப் பெண்களின் கால்பந்து அணி எங்கே ஆடினாலும் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். எடுப்பது எல்லாம் கறுப்பு வெள்ளை. கேமரா என்னவோ புதுசுதான். கலரில் நன்றாகவே எடுக்கும். அவன்தான் அதில் கலரை அணைத்து வைத்திருக்கிறான். விளக்கை வாங்கி அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கடவுள் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார் என்று அம்மா சொல்வாள். அண்ணன் அதற்கெல்லாம் கோபப்பட மாட்டான். கலரில் எடுத்தால் ஜனங்கள் முதலில் சட்டையைப் பார்க்கிறார்கள், அப்புறம் புல்லைப் பார்க்கிறார்கள், மூஞ்சிக்கு வருவதற்குள் அலுத்துப் போகிறார்கள் என்பான். சலவை ஆலைக்காரர்களின் சட்டை விஷயத்தில் அது அவர்களுக்கும் நல்லதுதான். ஊருக்கே துணி வெளுக்கிறவர்கள், தங்கள் சட்டையை மட்டும் எதனுடனோ சேர்த்துப் போட்டு, ஆரஞ்சு நிறம் ஒரு மாதிரிப் பல் ஈறு நிறமாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் அது தெரியாது. பதினொரு பேரும் பெரிய ஆட்கள் மாதிரி இருப்பார்கள்.

அரையிறுதி ஆட்டத்தில் எடுத்ததில் நாலு படங்களை அண்ணன் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேஜையில் பரப்பி, எதை மாட்டலாம் என்று என்னைக் கேட்டான். வழக்கமாக நான் தோளைக் குலுக்குவேன். அவனே ஒன்றை எடுத்துக்கொள்வான். அன்றைக்கு என்னவோ என் விரல் போய் மூன்றாவது படத்தின் மேல் நின்றுவிட்டது.

மழை. கோல் கம்பத்துக்கு முன்னால் கீப்பர் தரையிலிருந்து ஒரு முழம் மேலே படுத்த மாதிரிக் கிடக்கிறாள். இரண்டு கையும் நீட்டியிருக்கிறது. பந்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்தச் சாணில் நாலு மழைத்துளிகள் நிற்கின்றன, எண்ணலாம். அவள் கண்கள் இறுக்கி மூடியிருக்கின்றன. உதடு உள்ளே போயிருக்கிறது. எதுவோ ஒன்று முடியப் போகிறது, அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கீப்பரை எல்லாரும் பிசின் என்று கூப்பிடுவார்கள். கையில் பட்ட பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். பதினொரு வருஷமாக அவள்தான் கோலில் நிற்கிறாள். அரையிறுதியில் ஒன்பது பந்துகளைப் பிடித்தாள், ஒன்று உள்ளே போனது. அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. நான் விரல் வைத்தது, அந்த ஒன்றின் மேல்.

ஷோகேஸ் முன்னால் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். எதிரே செருப்புக் கடைக்காரர் வாடிக்கையாளரை ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். பார்சல் கொண்டு வருகிறவர் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்து கையெழுத்து வாங்கும்போது, பரீட்சை முடிவு ஒட்டியிருந்த பலகை முன்னால் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவராகவே சொன்னார். அது நடந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு அம்மா வாசலிலேயே அதைப் பார்த்துக்கொண்டு நின்று, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிட்டார். படம் நல்லா இருந்தா வாடிக்கை ஓடிடும் போலிருக்கே என்று அம்மா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டு பிசின் அக்கா வந்தாள். ஆலையின் நீலக் கோட்டோடு, சோப்பு வாசனையோடு. உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து பார்க்கிற எனக்கு இரண்டு முகம் தெரிய வேண்டியது. ஒன்று படத்தின் முதுகுப்புறம் என்பதால் இன்னொன்றுதான் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. நான் படம் வெட்டுகிற பலகையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு உள்ளே வந்தாள். சத்தம் எதுவும் போடவில்லை. அன்றைக்கு நான் எத்தனை பிடித்தேன் என்று அண்ணனைக் கேட்டாள். ஒன்பது என்றான். எத்தனை விட்டேன்? ஒன்று.

"ஒன்பதை விட்டுட்டு ஒண்ணைத் தேடிப் பிடிச்சு மாட்டியிருக்கியே, நீ எங்க டீம் போட்டோகிராபரா, அவங்க டீம் போட்டோகிராபரா?"

அண்ணன் வெளிச்சத்தைப் பற்றி ஆரம்பித்தான். மழை நாளில் வெளிச்சம் எப்படிச் சரிசமமாக விழுகிறது, நெற்றியில் எப்படி, மூக்கில் எப்படி என்று விளக்கினான். மாட்டிக்கொண்டால் அவன் வெளிச்சத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வான். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தான். தேர்ந்தெடுத்தது இவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு பெரியவரின் பாஸ்போர்ட் படத்தில் காதோடு சேர்த்து வெட்டிவிட்டேன்.

வேண்டுமானால் இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றான் அண்ணன். அவள் வேண்டாம் என்றாள். எடுத்தால், பிசின் அழுது எடுக்க வைத்தாள் என்று அது வேறு ஆகும். ஆலையில் எல்லாரும் பார்த்தாயிற்று. காலையில் அவள் இடத்தில் யாரோ ஒரு தலையணையும் போர்வையும் மடித்து வைத்திருந்தார்களாம். மேல் மாடியிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் தகரச் சரிவில் வழுக்கி வரும். கீழே நின்று அவற்றைப் பிடித்து வண்டியில் அடுக்குவது அவள் வேலை. இன்றைக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் மேலிருந்து, முழிச்சுக்கோ, வருது, முழிச்சுக்கோ, வருது என்று குரல் கொடுத்தார்களாம். இதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். கேப்டன் அக்கா.

கேப்டன் அக்கா நீராவி இஸ்திரி மெஷினில் நிற்பவள். வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரு விரிப்பைக் கூடக் கருக்கியதில்லை என்பதைத் தினமும் யாருக்காவது ஞாபகப்படுத்துவாள். அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, கேலியே இல்லாமல், பந்து வரும்போது கண்ணை மூடுகிற கீப்பரை இறுதி ஆட்டத்தில் நிறுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறாள். மடிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நெட்டைப் பெண்ணும் இந்த வாரம் கோலில் நின்று பழகட்டும். சனிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

"ஒரு தடவை வெளியே உட்கார்ந்தா அவ்வளவுதான். அப்புறம் யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றாள் பிசின் அக்கா. "முப்பத்தெட்டு வயசாச்சு. என்னைப் பேர் சொல்லிக் கத்துற இடம் அது ஒண்ணுதான்."

அண்ணனுக்கு வெளிச்சம் தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் பிசின் அக்கா கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகினாள். வீட்டில் அவள் அம்மா காலுறைகளைச் சுருட்டி உருண்டையாக்கி மூஞ்சிக்கு நேரே எறிய வேண்டும், இவள் இமைக்காமல் பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு வயது அறுபத்தைந்து. பல வருஷக் கணக்கு ஏதோ பாக்கி இருந்த மாதிரிக் குறி தவறாமல் எறிந்தாராம். ஷோகேஸ் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் மோசம். சின்ன வயசில் ஊசி போடும்போதெல்லாம் இதே மூஞ்சிதான் என்று கம்பவுண்டர் உட்பட எல்லாரையும் சாட்சிக்கு இழுத்தாராம்.

வியாழக்கிழமை பயிற்சிக்கு அண்ணன் போனான், கேமரா பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பிசின் அக்கா கோலில் நின்றதைப் பார்த்தால், யாரோ பின்னாலிருந்து கெட்ட செய்தி சொல்லக் கேட்டவள் மாதிரிக் கண்ணை விரித்து வைத்திருந்தாள். முதல் பந்து அவளைத் தாண்டிப் போனது. அதைப் போகும்போதே நன்றாகப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள். பந்து வருகிற வழியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது; கைக்குத்தான் தெரியவில்லை. பத்தில் ஏழு உள்ளே போயின. அப்புறம் நெட்டைப் பெண் நின்றாள். பத்தில் நாலு பிடித்தாள். பிடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் பிசின் அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி விழித்தாள். கேப்டன் அக்கா விரலை மடக்கி எண்ணியதை நாங்கள் எல்லாருமே பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழுப் படம் எடுக்கப் போயிருந்தான். பிசின் அக்கா வேலைக்குப் போகிற வழியில் வந்தாள். நான் தனியாக இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதியான மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக உங்கள் அண்ணன் எடுத்த படம் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்றாள். நான் தலையாட்டினேன்.

"எனக்கு ஒரே ஒரு படம் எடுத்துக் குடு, தங்கச்சி. பந்து என் கையில இருக்கணும், கண்ணு திறந்திருக்கணும். ஒண்ணு போதும். அதைக் கொண்டுபோய் அவ இஸ்திரி மெஷின் மேல வெச்சிடறேன்."

அதற்கும் தலையாட்டினேன். அந்தப் படத்தை மாட்டச் சொன்னது நான்தான் என்று சொல்வதற்கு வாய் திறந்தேன். ஆனால் பிரிண்ட் அளவு என்ன வேண்டும் என்றுதான் வந்தது. அஞ்சல் அட்டை அளவு போதும் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அண்ணன் படங்களுக்குப் பெயர் வைக்கிற விதம் அவனுக்கு மட்டுமே விளங்கும். 'மழை', 'மழை நல்லது', 'மழை ரொம்ப நல்லது', 'இதுதான்', 'இல்லை இதுதான்'. அப்படி இரண்டாயிரத்துச் சொச்சம். பிசின் அக்கா இருக்கிற படங்களைத் தனியாகப் பிரித்தேன். அதில் பந்து கையில் இருக்கிற, அல்லது கையில் படுகிற படங்களை இன்னொரு பக்கம் ஒதுக்கினேன். முப்பத்தொன்று தேறியது. இதில் ஒன்று கிடைக்காமலா போகும் என்று முதல் படத்தில் முகத்தைப் பெரிதாக்கினேன். மூடியிருந்தது. சரி, அடுத்தது. அதுவும். வெயிலில் எடுத்தது, மழையில் எடுத்தது, எகிறிப் பிடித்தது, காலடியில் விழுந்து பிடித்தது, பெனால்டி ஒன்றை முழங்கையால் தட்டியது. பந்து தூரத்தில் இருக்கும்போது கழுகு மாதிரிப் பார்க்கிறாள். கிட்டே வந்துவிட்டால் ஊசி போட்டுக்கொள்கிற குழந்தையாகிவிடுகிறாள். பதினேழாவது படத்தில் ஒரு கண் திறந்த மாதிரி இருந்தது, பெரிதாக்கினால் தலைமயிர்.

பிடிக்காத பந்துகளிலாவது பார்ப்போம் என்று தேடினேன். பந்து பக்கத்தில் இருந்தும் கண் நன்றாகத் திறந்திருந்த ஒரே ஒரு படம் கிடைத்தது. அதில் அவள் தரையில் கிடந்தபடி பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். பந்து வலைக்குள் இருக்கிறது.

அண்ணன் வந்ததும் காட்டினேன். முதலில் சிரித்தான். ஒன்பதாவது படத்துக்குச் சுவரில் சாய்ந்தான். இருபதுக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அவனே எடுத்த படம், அவனே கவனித்ததில்லை. பந்து வரும்போது கீப்பரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லாரும் பந்தைத்தான் பார்க்கிறார்கள்.

பிறகு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாஸ்போர்ட் படத்தில் கண்ணை மூடிவிடுகிறவர்கள் தினமும் வருவார்கள். மறுபடி எடுத்தால் மறுபடி மூடுவார்கள். அவர்களுக்கு வேறு ஷாட்டிலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவது எங்களுக்குக் கைப்பழக்கம். அணியின் குழுப் படத்திலிருந்து பிசின் அக்காவின் கண்களை எடுத்தான். எகிறிப் பிடிக்கிற படத்தில் வைத்தான். நிழலைச் சரிசெய்தான். பத்தே நிமிஷம். அவள் அம்மாவே கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தோம். உடம்பு வில் மாதிரி வளைந்திருக்கிறது, விரல் ஒவ்வொன்றும் விறைத்திருக்கிறது, பந்து சப்பையாகிற அளவுக்கு வேகம். அத்தனைக்கும் மேலே, 'எல்லாரும் இங்கே பாருங்க' என்று சொன்னவுடன் பார்க்கிற இரண்டு கண்கள்.

"பாஸ்போர்ட் மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். எங்கள் கடையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

ஆனால் கேட்டது அதைத்தானே. அதையும் பிரிண்ட் போட்டான், முப்பத்தொன்றையும் போட்டான். எதைக் கொடுப்பது என்று கேட்டேன். நீ போய்க் கொடு, உனக்குத் தெரியும் என்றான். எனக்கு எதுவும் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மதியம் சலவை ஆலைக்குப் போனேன். உள்ளே காலை வைத்ததும் வெந்நீர்ப் பானை மூடியைத் திறந்த மாதிரி மூஞ்சியில் அடித்தது. கூரைக்கம்பியில் விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒரு விரிப்பை மடித்து, நடுவில் சந்தித்து, பிரிந்து, மறுபடி சந்தித்துக்கொண்டிருந்தார்கள். பிசின் அக்கா தகரச் சரிவின் அடியில் இருந்தாள். ஒரு மூட்டை வந்தது, பிடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூட்டைக்கும் மூடினாள்.

முதலில் ஒட்டுப் போட்ட படத்தைக் கொடுத்தேன். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அப்படியே ஓடிவிடலாம் என்றிருந்தது. பார்த்தியா, நான் சொன்னேன்ல என்றாள். எந்த மேட்ச் இது என்று கேட்டாள்.

கண் மட்டும் குழுப் படத்தில் இருந்தது என்று சொன்னேன். அண்ணன் வைத்தது என்று சொன்னேன்.

அவள் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு, பந்தோட கல்யாணத்துக்கு நிக்கற மாதிரி என்றாள். அப்புறம், நிஜமானது ஒன்று கூடவா கிடைக்கவில்லை என்று கேட்டாள். நான் உறையைக் கொடுத்தேன். அவள் மடிப்பு மேஜையில் ஒரு விரிப்பின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஐந்து, பத்து, பதினைந்து. மேலிருந்து ஒரு மூட்டை வந்து பிடிப்பாரில்லாமல் தொப்பென்று விழுந்தது. அவள் திரும்பவில்லை. முப்பத்தொன்றையும் வைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

"அக்கா, அந்தப் படத்தை ஷோகேஸ்ல மாட்டச் சொன்னது அண்ணன் இல்லை. நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன்.

"அந்தப் பந்து போயிடும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அது மூஞ்சியில இருக்கு. அப்பவும் கையை மடக்கலை நீங்க. நானா இருந்தா மடக்கியிருப்பேன்."

அவள் விழுந்து கிடந்த மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டாள்.

"உனக்கு இவ்வளவு பேச வருமா?" என்றாள் பிசின் அக்கா. "ஊமைன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம் பாதிப் பேரு."

ஒட்டுப் போட்ட படத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்காம். நிஜப் படத்தைக் காட்டினால் மறுபடியும் கம்பவுண்டரிலிருந்து ஆரம்பிப்பாராம். மற்ற முப்பத்தொன்றையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி எடுத்துக்கொண்டு, கேப்டன் அக்காவின் இஸ்திரி மெஷினைப் பார்த்து நடந்தாள். அவள் கையில் இருந்ததெல்லாம் அவளுக்கு எதிரான சாட்சி. நான் பின்னாலேயே போனேன். பேசியது போதாதென்று கால் வேறு என் பேச்சைக் கேட்கவில்லை.

கேப்டன் அக்கா மெஷினின் மேல்தட்டை இறக்கிவிட்டுப் படங்களை வாங்கினாள். மடிக்கிறவர்கள் மடிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். யாரோ தலையணையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள், அவளே நிறுத்திக்கொண்டாள். படங்கள் கைமாறக் கைமாறக் கூட்டம் அமைதியானது. அவர்கள் எல்லாரும் அந்த ஆட்டங்களில் ஆடியவர்கள்தான். இருந்தும் இதை அவர்கள் பார்த்ததில்லை. குளிரில், மழையில், வெயிலில் ஒருத்தி ஒன்றையும் பார்க்காமல் பாய்ந்து பாய்ந்து தங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எல்லாத்துலயும் மூடித்தான் இருக்கு" என்றாள் கேப்டன் அக்கா.

"ஆமா."

"திறந்து வெச்சது வியாழக்கிழமை மட்டும்தான்."

"ஆமா. ஏழு போச்சு."

கேப்டன் அக்கா யோசித்தாள். கண்ணை மூடுகிற கீப்பர் வேண்டாம் என்று ஆலை முழுக்கக் கேட்கச் சொன்னவள். சொன்ன சொல்லை அவ்வளவு சுலபத்தில் மடித்து வைக்கிற ஆள் இல்லை. அது வந்து, என்ன இருந்தாலும், கண்ணு என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அப்போது நெட்டைப் பெண் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, உண்மையிலேயே தெரியாதவளாகக் கேட்டாள்.

"அக்கா, பிசின் அக்காவுக்குப் பின்னால ஒருத்தங்க கையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்களே, யாரு இது?"

அது கேப்டன் அக்கா. நான் வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தேன். அந்தப் படத்தில் மட்டும் இல்லை, முப்பத்தொன்றில் பதினாலில் அவள் இருக்கிறாள். ஒன்றில் கையால் பொத்தியிருக்கிறாள், சிலதில் தலையைத் திருப்பியிருக்கிறாள், ஒன்றில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற மாதிரி இருக்கிறாள். எதிலும் பந்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

வெயில் கண்ணில் அடித்தது என்றாள் கேப்டன் அக்கா. மழை பெய்கிறதே அக்கா என்றாள் நெட்டைப் பெண், படத்தை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டு. யாரோ ஒருத்தி மூக்கு வழியாகச் சிரித்தாள். அதோடு அணை உடைந்தது. மடிப்பு மேஜை மேல் விழுந்து சிரித்தார்கள். பிசின் அக்கா மட்டும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, சிரிக்காமல், கேப்டன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கருகல் வாடை வந்தது. மேல்தட்டைத் தூக்கினால் விரிப்பின் நடுவில் மெஷினின் வடிவத்திலேயே ஒரு பழுப்பு.

கேப்டன் அக்கா அந்த விரிப்பைச் சுருட்டிக் காலுக்கடியில் தள்ளினாள். யாரும் எதையும் பார்க்கவில்லை என்று எல்லாரும் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அவள் படங்களை அடுக்கிப் பிசின் அக்கா கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு மட்டும் கண்ணைத் திறந்தேன்னு வெச்சுக்கோ," என்றாள், "அப்படியே இழுத்துட்டுப் போய் வெளியே உட்கார வெச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நானும் போனேன். எதிரணி பஸ் டிப்போக்காரர்கள். அவர்கள் ஆட்களும் ஷோகேஸைப் பார்த்தவர்கள்தான். பிசின் அக்கா கோலுக்கு வந்து நின்றதும், கண்ணைத் திற, கண்ணைத் திற என்று ஒரு பக்கமாகக் கத்தினார்கள். திறக்காதே என்று சலவை ஆலைப் பக்கம் பதிலுக்குக் கத்தியது. ஒன்றும் தெரியாமல் வந்த நடுவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டம் முழுக்க முகத்தை அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டு நான் பந்தை மட்டும் பார்த்தேன். இரண்டு உள்ளே போயின. எங்கள் அணி அடித்ததில் மூன்று போயின. கடைசி நிமிஷத்தில் டிப்போப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்து அடித்த பந்து போகவில்லை.

முடிந்ததும் எல்லாரும் ஓடிப் போய் பிசின் அக்காவின் மேல் விழுந்தார்கள். அவள் அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு வழியாக வெளியே வந்து, உடம்பெல்லாம் சேறாக, யாரையோ தேடினாள். நான் முக்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன். நேராக என்னிடம்தான் வந்தாள்.

"தங்கச்சி, நீ பார்த்துட்டுதானே இருந்தே. கடைசிப் பந்து எப்படி வந்துச்சு? எந்தக் கையில பிடிச்சேன்?"

வலது கை என்றேன். அது போதாது, முதலிலிருந்து சொல் என்றாள். எனக்கு எங்கே தெரியும் என்றாள். சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நெட்டைப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்தப் பெண் இடது காலால்தான் அடித்தாள், பந்து முதலில் தரையில் ஒரு தடவை குதித்தது என்று ஆரம்பித்தேன்.

கேப்டன் அக்கா தள்ளி நின்று, எங்கோ பார்த்தபடி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றாள். "இங்க நிக்கறவங்களுக்கும் கேக்கணும்ல."